வளவுச் செடியும் மூடிய அறையும்

கல்முனைக் கரையிலே, எங்கள் வீட்டு அலுமாரியின் மேற்றட்டில் மூன்று வைத்தியக் கொப்பிகள் உள்ளன. முதலாவது, என் மூத்தவாப்பாவின் தந்தையார் அறபுத்தமிழில் எழுதியது. இரண்டாவது, அதனைப் பார்த்து மூத்தவாப்பா தமிழெழுத்திற் பெயர்த்தெழுதியது. மூன்றாவது, மூத்தவாப்பா சொல்லச் சொல்ல வாப்பா எழுதியது. மூன்றிலும் வயிற்றுக்கடுப்புக்குரிய சூரணம் ஒன்று இடம்பெற்றுள்ளது. முதற் கொப்பியில் அச்சூரணத்துக்குரிய சரக்குகள் ஒன்பது. அவற்றுள் ஒன்று ‘மூலி இலை’. இரண்டாங் கொப்பியிலும் சரக்குகள் ஒன்பதே. ஆயின், மூலி இலை என்பதன் பக்கத்திற் ‘கிடைத்தால்’ என்றொரு சொல் புதிதாக வந்து சேர்ந்துள்ளது. மூன்றாங் கொப்பியிற் சரக்குகள் எட்டு.

மூலி என்பது கஞ்சாவுக்குத் தமிழ் வைத்தியர் வழங்கிய பெயர்களுள் ஒன்று. ஒன்பது எட்டானது ஏன் என்று வாப்பாவிடம் ஒருமுறை வினவினேன். “எழுதி வெச்சா ஆராச்சும் தேடிப் போவாங்க, மகள்” என்று மட்டும் கூறிவிட்டுக் கொப்பியை மூடிவிட்டார். ஒரு செடி ஒரு குடும்பத்தின் எழுத்திலிருந்து மூன்று தலைமுறைக்குள் மறைந்துபோன வரலாறு அந்த ஒரு பதிலுள் அடங்கிக்கிடக்கின்றது. அவ்வரலாற்றை விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. எங்கள் வளவிலிருந்து மறைந்த அதே செடி, இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டறைக்குள்ளே மின்விளக்கின் கீழ் வளர்க்கப்படுகின்றது. றோசாச் செடி வளர்ப்பது போல, மீன்தொட்டி வைப்பது போல, அது அங்கு பலருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஒரு வீட்டின் கிணற்றடியிலிருந்து செடி அகன்றமையும், இன்னொரு வீட்டின் மூடிய அறைக்குள் அது புகுந்தமையும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள் என்பதே யான் ஈண்டு நிறுவ முயலும் கருத்தாகும். கஞ்சாப் பாவனைக்குப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் கருத்தன்று என்பதனை முதலிலேயே கூறிவைத்தல் நன்று.

நொக்ஸ் உண்ட இலை

இலங்கையிற் கஞ்சாவின் பயன்பாடு பற்றி மேனாட்டார் எழுதிவைத்த சான்றுகளுள் றொபேட் நொக்ஸின் நூல் சிறப்பிடம் பெறுவதாகும். நொக்ஸின் கதை எங்கள் கீழைக்கரையிலேயே தொடங்குகின்றது. 1660ஆம் ஆண்டில், திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பகுதியிலே, இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் அவர் பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து, 1679இல் மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்று ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்தார்.

1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில், வரண்ட வடபுலத்திற் கலங்கிய நீரையே குடிக்க நேர்ந்தமையாற் காய்ச்சலும் பிற நோய்களும் தம்மையும் தம் தோழரையும் வாட்டியதனை நொக்ஸ் விவரிக்கின்றார். அந்நீரின் நஞ்சுக்கு முறிவாக அவர்கள் அறிந்துகொண்ட மருந்து ஓர் உலர்ந்த இலை. போர்த்துக்கேயர் அதனைப் ‘பங்கா’ என அழைப்பர் என்றும், அதனைப் பொடிசெய்து உள்நாட்டுக் கருப்பட்டியுடன் கலந்து காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்டதாகவும், தலை கிறுகிறுத்ததன்றி வேறு தீங்கு நேரவில்லை என்றும் அவர் எழுதுகின்றார். பின்னர் அவ்விலை இலண்டனுக்கும் சென்றது. புகழ்பெற்ற விஞ்ஞானியாகிய றொபேட் ஹூக், 1689 டிசெம்பர் 18ஆம் நாள் இலண்டன் றோயல் சங்கத்தில் அதன் குணங்களைப் பற்றி உரை நிகழ்த்தினார். அவருக்கு அதனைப் பற்றி எடுத்துக் கூறியவர் நொக்ஸே.

இச்சான்றிலே நாம் கவனிக்கவேண்டியன இரண்டு. முதலாவது, நொக்ஸ் அவ்விலையைக் களியாட்டப் பொருளாகக் காணவில்லை. அளவிட்டு, வேளை குறித்து உண்ணும் மருந்தாகவே காண்கின்றார். இரண்டாவது, வேற்று நாட்டுக் கைதியொருவன் எளிதிற் கற்றுப் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு அம்மருந்தறிவு இந்நாட்டிற் பொது அறிவாயிருந்துள்ளது.

எங்கள் கரையின் முஸ்லிம் மக்கள் அக்காலத்திற் கண்டி அரசின் ஆட்சி வட்டத்துக்குட்பட்டே வாழ்ந்தனர். போர்த்துக்கேயரின் கொடுமையாற் கரையோரங்களிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4,000 பேரைச் செனரத் மன்னன் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் எடுத்துக்கூறும் செய்தியாகும். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கை வாயிலாகவே இக்கரையோரம் ஒல்லாந்தரின் முழு உரிமைக்குள் வந்தது. கண்டி அரசவையில் முஸ்லிம் வைத்தியர்கள் மதிப்புடன் பணியாற்றியமையைப் பேராசிரியை லோணா தேவராஜா 1994இல் வெளிவந்த தமது நூலிற் காட்டியுள்ளார். அறபு நாட்டிலிருந்து வந்த யூனானி மருத்துவமும், தமிழ்ச் சித்த மருத்துவமும், சிங்கள நாட்டு வைத்தியமும் ஒன்றோடொன்று கலந்த சூழல் அது. மூத்தவாப்பாவின் தந்தையார் அறபெழுத்தைக்கொண்டு தமிழ்ச் சூரணம் எழுதியமை அக்கலப்பின் ஒரு சிறு விளைவேயாம்.

நாட்டு வைத்தியரின் வளவே அவரது மருந்துக்கடை. ஆடாதோடை, நொச்சி, கற்பூரவள்ளி, தூதுவளை என்றிவை வேலியோரத்திலும் கிணற்றடியிலும் நின்றன. மூலியும் அவற்றுள் ஒன்றாக நின்றது. நஞ்சுள்ள பிற சரக்குகளைப் போலவே அதனையும் சுத்திசெய்த பின்னரே மருந்திற் சேர்த்தல் வைத்தியரின் முறை. வளர்த்தவரும், பறித்தவரும், அளந்து கொடுத்தவரும், பின்விளைவுக்குப் பொறுப்பேற்றவரும் ஒருவரேயாயினர்.

மார்க்க நூலோரின் வேறுபாடு

முஸ்லிம் சமூகத்தைப் பொறுத்தவரை, இச்செடிபற்றிய கட்டுப்பாடு வெள்ளையர் வந்த பின்னர் தோன்றியதன்று. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் சிரியாவிலும் ‘ஹஷீஷ்’ பற்றி மார்க்க அறிஞர் நீண்ட வாதங்கள் நிகழ்த்தியுள்ளனர். பிரான்ஸ் றொசந்தால் என்னும் அறிஞர் 1971இல் வெளியிட்ட நூல் இவ்வாதங்களைத் தொகுத்துத் தருகின்றது. 1285இல் மறைந்த மாலிக்கீ அறிஞர் கராஃபீ, அதனை மதுவைப் போன்ற போதைப்பொருளெனக் கொள்ளாது, புத்தியைக் கெடுக்கும் பொருளென வேறு வகுப்பில் வைத்தார். 1392இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ, அதன் தடையை நிறுவுவதற்கென்றே தனி நூலொன்று இயற்றினார். எங்கள் கரையின் மக்கள் பின்பற்றுவது ஷாஃபிஈ மரபாதலின் ஸர்கஷீயின் கருத்து நமக்கு நெருக்கமானது. தடையை வலியுறுத்திய அவரே, பயன் உறுதிப்பட்டவிடத்து மருந்தாகக் கொள்வதனை வேறாகப் பிரித்து நோக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, மயங்குவதற்காக உண்பது வேறு, நோய் தீர்க்க உண்பது வேறு என்னும் பாகுபாடு எம் முன்னோர்க்குப் புதியதன்று. எனது மூத்தவாப்பாவின் தந்தையார் ஐவேளைத் தொழுகையையும் மூலி இலையையும் ஒரே வாழ்க்கையில் வைத்திருந்தமைக்கு இப்பாகுபாடே இடமளித்தது. இருபதாம் நூற்றாண்டின் சட்டம் அழித்தது செடியை மாத்திரமன்று. இந்தப் பாகுபாட்டையும் அது அழித்தது.

வரியும் வேலியும்

செடி வளவை விட்டு வெளியேறியதற்கு முதற் காரணம் ஒழுக்கமன்று, வருவாயே என்பதற்கு இந்திய வரலாறு சான்று பகர்கின்றது. இலங்கையை ஆண்ட அதே பேரரசே இந்தியாவையும் ஆண்டதாதலின் அங்கு நிகழ்ந்ததனை ஈண்டு நோக்குதல் பொருத்தமாகும்.

1893இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் எழுந்த வினாவையடுத்து, இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மூன்று இந்தியர் உள்ளிட்ட அக்குழு நாடெங்கும் 1,100க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இற் பல தொகுதிகளாலான அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தது. அளவான பாவனை பொதுவாகத் தீங்கற்றது, அளவுமீறிய பாவனையே கேடு தருவது, முழுத் தடை தேவையற்றது என்பன அதன் முடிவுகள். இவ்வறிக்கையை இன்று பலரும் தாராள மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுவர். ஆயின் அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து படிப்போர்க்கு வேறொரு காட்சி தோன்றும். உரிமம் பெறாத பயிர்ச்செய்கையைத் தடுத்தல், பயிர்ச்செய்கையைக் குறிப்பிட்ட இடங்களில் ஒருமுகப்படுத்தல், போதிய வரி விதித்தல், கடைகளைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவை வரையறுத்தல் என்பன அப்பரிந்துரைகளாம்.

அதாவது, புகைப்பவனை அரசு மன்னித்தது. வளவில் வளர்ப்பவனை மன்னிக்கவில்லை. காரணம் வெளிப்படை. கடையில் வாங்கப்படும் கஞ்சா வரி தரும். கிணற்றடியில் நிற்கும் செடி வரி தராது. சென்னை மாகாணத்திலே, வட ஆற்காட்டின் சவ்வாது மலைப்பக்கத்துச் சந்தவாசல் போன்ற இடங்களில் உரிமப் பயிர்ச்செய்கையும் களஞ்சியமும் ஒருமுகப்படுத்தப்பட்டன. வீட்டுச் செடி குற்றச் செடியாவதற்கான வித்து இவ்வாறு, தடைச்சட்டத்துக்கு முன்னரே, கலால் அதிகாரியின் பேரேட்டில் ஊன்றப்பட்டது எனலாம்.

1929: ஓராண்டின் இரு செயல்கள்

முழுத் தடையை நோக்கிய அடுத்த அடி ஜெனீவாவில் எடுத்துவைக்கப்பட்டது. 1924-25ஆம் ஆண்டுகளிற் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் அபின் பற்றிய மாநாடு அங்கு கூடிற்று. எகிப்தின் பிரதிநிதி முகம்மது எல் கிந்தி, கஞ்சாவையும் அதிற் சேர்க்கவேண்டுமெனக் கடுமையாக வாதிட்டார். 1925 பெப்ரவரி 19ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையில் ‘இந்தியக் கஞ்சா’ இடம்பெற்றது. எனினும் அவ்வுடன்படிக்கை பெரும்பாலும் நாடுகளுக்கிடையிலான வாணிபத்தையே கட்டுப்படுத்தியது. வீட்டு வளவில் நிற்கும் செடியைப் பிடுங்குமாறு அது எந்நாட்டையும் பணிக்கவில்லை.

இலங்கையின் சட்டம் அதனையும் கடந்து சென்றது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச்சட்டம், அனுமதியின்றிக் கஞ்சாச் செடியை விதைத்தலையும் நடுதலையும் வளர்த்தலையும் வைத்திருத்தலையும் குற்றமாக்கியது. ஒரு செடிக்கும் ஓர் ஏக்கருக்கும், வைத்தியனுக்கும் வியாபாரிக்கும் இடையே, குற்றமா இல்லையா என்ற அளவில், அது வேறுபாடு காணவில்லை.

இதே 1929ஆம் ஆண்டிலேயே கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் கற்பிப்பதற்கெனத் தேசிய உணர்வுடையோர் நீண்டகாலம் போராடிப் பெற்ற நிறுவனம் அது. ஒரு கை சுதேச வைத்தியத்துக்குக் கட்டடம் அமைத்தது; மறு கை அவ்வைத்தியத்தின் சரக்கொன்றை வளவிலிருந்து பிடுங்கியது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை இந்நாட்டு மருத்துவ வரலாற்றின் பெரிய முரண்களுள் ஒன்றாகும். அக்காலப் பத்திரிகைகளும் மேடைகளும் கல்லூரியைக் கொண்டாடின. சட்டத்தால் இடர்ப்பட்டவர்கள் கொழும்பிற் பேசத் தெரியாத கிராம வைத்தியர்களாதலின் அவர்களின் குரல் எங்கும் எழவில்லை.

இனி எங்கள் கொப்பிகளுக்குத் திரும்புவோம். ‘கிடைத்தால்’ என்ற சொல்லை மூத்தவாப்பா எழுதியது இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிற்பட்ட காலத்திலேயாம். அச்சொல்லின் பொருள் இப்போது துலங்குகின்றது. வளவில் நின்ற சரக்கைக் ‘கிடைத்தால்’ என்று எவரும் எழுதார். பிறரிடம் இரந்து பெறவேண்டிய பொருளுக்கே அச்சொல் பொருந்தும்.

சுதந்திரத்தின் பின்னரும் நிலை பெரிதும் மாறவில்லை. 1961ஆம் ஆண்டின் நியூயோர்க் தனி உடன்படிக்கை தடையை உலகமயமாக்கியது. அதே 1961இல் இங்கு ஆயுர்வேதச் சட்டம் நிறைவேறி, நாட்டு வைத்தியர் பதிவுபெறும் முறை ஒழுங்காயிற்று. 1969இல் ஆயுர்வேத ஔடதக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மதன மோதகம் முதலிய மருந்துகளுக்குக் கஞ்சா வேண்டும். அதனை எங்கிருந்து பெறுவது? பொலிசார் கைப்பற்றி, வழக்கு முடிந்து, நீதிமன்றம் விடுவிக்கும் கஞ்சாவே வைத்தியத் துறைக்கு வழங்கப்பட்டது. இம்முறையிற் கிடைக்கும் கஞ்சா நான்கைந்து ஆண்டுகள் பழையதாகி வீரியம் இழந்துவிடுகின்றதெனக் கூறி, இராணுவத்தின் மேற்பார்வையில் அதனைப் பயிரிடும் திட்டமொன்றை 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்தார். குற்றவாளியின் மூட்டையிலிருந்தே மருந்துச் சரக்கைப் பெறவேண்டிய நிலைக்கு ஒரு மருத்துவ மரபு தள்ளப்பட்டமை எண்ணத்தக்கது.

மூடிய அறையின் தோற்றம்

மேனாடுகளில் நிகழ்ந்தது யாது? அங்கும் செடி துரத்தப்பட்டது. ஆயின் அங்கு அது வீட்டை விட்டு வெளியேறாமல், வீட்டுக்குள்ளேயே புகுந்துகொண்டது.

இதற்கு இயற்கையும் ஒரு காரணம். கஞ்சா, இரவு நீளும்போது பூக்கும் செடி. கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அம்ஸ்ரடாமிலோ அது ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம். குளிரும் குறுகிய கோடையும் கொண்ட அந்நாடுகளிற் செயற்கை ஒளி ஒரு வசதி. எங்கள் வெயிலில் அது முற்றிலும் வேண்டாதது.

எனினும் விளக்கை ஏற்றியதில் இயற்கையைவிடச் சட்டத்துக்கே பெரும்பங்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் மெக்சிக்கோக் கஞ்சாவே மிகுதியாகப் புழங்கியது. அந்நாட்டு வயல்களிற் பராகுவாற் என்னும் களைநாசினி தெளிக்கப்பட்டபோது, நஞ்சுண்ட சரக்குக்கு அஞ்சிய பலர் உள்நாட்டிற் பயிரிடத் தலைப்பட்டனர். 1983இற் கலிபோர்னியாவில் ஹெலிகொப்டர் கொண்டு தோட்டங்களைத் தேடி அழிக்கும் நடவடிக்கை தொடங்கிற்று. வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மறைய ஒரே வழி கூரை. வீதி விளக்குக்கென 1960களில் விற்பனைக்கு வந்த உயரழுத்தச் சோடிய விளக்கு, இவ்வாறு படுக்கையறைச் சூரியனாயிற்று. 1989இல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகவரகம், விளக்கும் நீர்வளர்ப்புக் கருவியும் விற்ற கடைகளையும் அவற்றின் வாடிக்கையாளரையும் பின்தொடர்ந்து நாடளாவிய சோதனை நடத்தியது. விளக்கு வாங்குவதே ஐயத்துக்குரிய செயலாகிவிட்டது.

இப்போராட்டம் இறுதியில் வீட்டின் சுவரையே வழக்காக்கியது. ஒறிகன் மாநிலத்தில் ஒரு வீட்டின் வெப்பத்தை வெளியே நின்று கருவியால் அளந்த பொலிசார், உள்ளே விளக்குகள் எரிவதனை ஊகித்து, நூற்றுக்கு மேற்பட்ட செடிகளைக் கண்டுபிடித்தனர். 2001 யூன் 11ஆம் நாள், கைலோ வழக்கில், பிடியாணை போன்ற நீதிமன்ற ஆணையின்றி அவ்வாறு அளந்தது அரசியலமைப்புக்கு முரணான சோதனையே என அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. ஒரு செடியை முன்னிட்டு, வீட்டின் எல்லை எது, அரசின் எல்லை எது என்ற பழைய வினா மீண்டும் எழுந்தது.

மூடிய அறை செடியின் இயல்பையும் மாற்றியது. மறைவான இடம் சிறிது. மின்சாரச் செலவோ பெரிது. எனவே சிறிய இடத்திற் கூடிய வீரியம் தரும் இனங்களையே வளர்ப்போர் தெரிந்தெடுத்தனர். ஐக்கிய அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் மயக்கம் தரும் கூறு 1995இற் சராசரி நூற்றுக்கு 4 வீதமாயிருந்து, 2014இல் 12 வீதமாக உயர்ந்தது. இம்மாற்றத்துக்கு உள்ளக வளர்ப்பு ஒரு முக்கிய காரணமாகும். ஆகவே, “எங்கள் முன்னோர் உண்டதுதானே” என்று கூறி இன்றைய அறைச்செடியை நியாயப்படுத்துவோர் வரலாற்றைத் தவறாகப் படிக்கின்றனர். பெயர் ஒன்றே, பொருள் ஒன்றன்று. 45,000க்கு மேற்பட்ட சுவீடன் இளைஞரைத் தொடர்ந்து ஆராய்ந்து 1987இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மிகுதியாகக் கஞ்சா பாவித்தோரிடையே கடும் மனநோய் ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதெனக் கூறியது. வீரியம் கூடிய இக்காலத்தில் அவ்வெச்சரிக்கை மேலும் கனதியானது.

குற்றத்திலிருந்து பொழுதுபோக்குக்கு

தடைக்கு அஞ்சிப் பிறந்த அறைவளர்ப்பு, தடை தளர்ந்த பின்னர் பொழுதுபோக்காக நிலைத்தது. நெதர்லாந்து 1976இற் சட்டத்தைத் திருத்தி, பின்னர் ஐந்து செடிவரை பெரிதுபடுத்தாது விட்டது. ஆயின் விளக்கு முதலிய கருவிகளைத் தொழில்முறை வளர்ப்பின் அடையாளமாகக் கொண்டது. உருகுவே 2013இல் வீட்டுக்கு ஆறு செடிகளை அனுமதித்தது. கனடா 2018 ஒக்டோபர் 17 முதல் நான்கு செடிகளுக்கு இடமளித்தது; எனினும் கியூபெக் மாகாணத்தின் வீட்டுவளர்ப்புத் தடை 2023இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல், வளர்ந்தவர் தம் தனிமையிற் சொந்தப் பாவனைக்கு வளர்ப்பதனைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்றது. ஜேர்மனி 2024 ஏப்ரில் முதலாந் திகதியிலிருந்து வளர்ந்தவர் ஒருவருக்கு மூன்று செடி என்றது. மூன்று, நான்கு, ஆறு என்று சட்டமன்றங்கள் செடியை எண்ணத் தொடங்கியமை, ஒரு செடிக்கும் ஓர் ஏக்கருக்கும் வேறுபாடு உண்டென்பதனைக் காலங்கடந்தேனும் அவை ஒப்புக்கொண்டமையைக் காட்டுகின்றது.

இலங்கையில் அத்தகைய எண்ணிக்கை எதுவும் இல்லை. 1984இற் கட்டளைச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கான சட்டமும் நிறைவேறியது. வீட்டில் ஒரு செடி வளர்ப்பது இன்றும் குற்றமே. மறுபுறத்தில், ஏற்றுமதிக்காக மட்டும் கஞ்சா பயிரிடுவதற்கு வெளிநாட்டு முதலீட்டாளர் ஏழு பேருக்கு 2025இல் அனுமதி வழங்கப்பட்டது; மீரிகமப் பகுதியில் வேலியிட்ட நிலம் அதற்கென ஒதுக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டின் கலால் அதிகாரி இன்று உயிர்பெற்று வந்தால், இவ்வேற்பாட்டை உடனே விளங்கிக்கொள்வார். வருவாய் தரும் செடி வேலிக்குள் நிற்கலாம். வளவில் நிற்றலாகாது என்ற அவரது கொள்கை மாறவேயில்லை.

முடிவுரை

எங்கள் கரையின் ஊர்கள் இன்று போதைப்பொருளால் அல்லலுறுகின்றன என்பதனை மறுப்பார் எவருமிலர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வெள்ளிக்கிழமைக் குத்பாக்களில் அது பேசப்படுகின்றது. பெற்றோரின் அச்சம் நியாயமானது. வாப்பா ஒன்பதாவது சரக்கை விட்டெழுதியமையும் அந்த அச்சத்தாலேயே. மூத்தவாப்பா சட்டத்துக்கு அஞ்சி ஒரு சொல்லைச் சேர்த்தார். வாப்பா பிள்ளைகளுக்கு அஞ்சி ஒரு சொல்லை நீக்கினார். இரண்டு அச்சங்களையும் யான் மதிக்கின்றேன்.

ஆயினும் வரலாற்று மாணவருக்குரிய கடமை ஒன்றுண்டு. செடி வளவில் நின்ற காலத்தில் அதனைச் சூழ வைத்தியரின் அறிவும், மார்க்கத்தின் வரம்பும், அயலாரின் கண்ணும் காவலாயிருந்தன. மூடிய அறையில் இம்மூன்றும் இல்லை. அங்கு விளக்கும் பூட்டும் மட்டுமே உண்டு. ஆகையால், அறைவளர்ப்பை எங்கள் இளைஞர்க்கு நவீன நாகரிகமாகக் காட்டுவோரும், வளவுச் செடியை வெறுங் குற்றமாகக் காட்டுவோரும் ஒரே தவறையே செய்கின்றனர். இருசாராரும் செடியைக் காண்கின்றனர். அதனைச் சூழ்ந்திருந்த காவலைக் காண்கிலர்.

எங்கள் கரையின் வைத்தியக் கொப்பிகள் பலவற்றை 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் கடல் கொண்டுசென்றது. எஞ்சியவற்றை வெட்கத்தாலும் அச்சத்தாலும் நாமே அழித்துவிடலாகாது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், இங்கு எம்மிடையேயும், அவற்றைப் படியெடுத்துப் பேணும் பணி தொடங்கப்படல் வேண்டும். மருந்தாக உண்பதற்கன்று, அறிந்துகொள்வதற்கு.

சென்ற விடுமுறையில் அம்மூன்று கொப்பிகளையும் நான்காவதொன்றிற் பெயர்த்தெழுதினேன். அச்சூரணத்தின் கீழ்ச் சரக்குகள் ஒன்பது என்றே எழுதியுள்ளேன். ஒன்பதாவதன் பக்கத்தில், ‘முன்னாளில் வளவில் நின்றது, 1929இற் சட்டம் தடுத்தது, இன்று சேர்ப்பதில்லை’ என்றொரு குறிப்பும் இட்டுள்ளேன். வாப்பா அதனைப் படித்துவிட்டு ஒன்றும் கூறவில்லை. கொப்பியை மற்ற மூன்றுடனும் சேர்த்து மேற்றட்டில் வைத்தார்.